பால் குடித்த கண்ணாடி

கோபிப் பாலைவனத்தில் எங்கள் சாலைக் கற்களுக்குக் கண் உண்டு. புதுக் கண்ணாடி போட்ட வண்டியாகப் பார்த்துத்தான் எகிறும். அவற்றின் புண்ணியத்தில்தான் வண்டிக் கண்ணாடி ஒட்டும் என் பட்டறை ஓடுகிறது.

குளிர் இறங்குவதற்கு முன்பு ஒருநாள், ஒட்டகம் வளர்க்கும் நொர்ஜ்மா தன் மகனுடைய வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தாள். முன் கண்ணாடியில் ஒரு சாண் விரிசல். அதுவும் வெள்ளை வெளேரென்று.

"என்ன தங்கச்சி, கண்ணாடி நரைச்சுப் போச்சு?"

"பால் அண்ணே."

வெளியூர் போகிறவர்களின் வண்டிக்குப் பின்னால் பால் தெளித்து வழியனுப்புவோம். பையன் சுரங்க வேலைக்குக் கிளம்பிய அன்று, இவள் பாலோடு வெளியே வருவதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. குறுக்கே ஓடி மறித்து, அவசரத்தில் முன்பக்கமே வீசிவிட்டாள். ஏற்கெனவே கல்லடி பட்டிருந்த விரிசல் அதைக் குடித்துக்கொண்டது. சுரங்கத்தில் மண் சரிந்தது. வண்டியை மட்டும் கூட்டாளிகள் கொண்டுவந்து விட்டார்கள்.

"பாலை எடுக்காம அடைச்சுக் குடுங்க."

"பால் இருந்தா பசை ஒட்டாது. முதல் உறைபனிக்கே கண்ணாடி குறுக்கால பிளந்துரும். அப்புறம் ஒட்டகத்துக்குத் தண்ணி எதுல கொண்டு போவே? தலையிலயா?"

வெள்ளைக் கோட்டை விரலால் தடவிப் பார்த்தாள்.

"அதுங்க உசிரோட இருக்குதுங்களே," என்றாள் கடைசியில். "குடுங்க, நானே எடுக்கிறேன்."

ஊசிக்குழலில் ஸ்பிரிட்டை ஏற்றிக் கொடுத்தேன்.

"அழக் கூடாதுன்னு லாமா சொல்லியிருக்காரு அண்ணே. கண்ணீர் விட்டா அவன் போற வழியில வெள்ளமா நிக்குமாம்."

பல்லைக் கடித்துக்கொண்டு விரிசலைக் கழுவினாள். எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை.

"நம்ம ஒட்டகத்துக்கு ரெண்டு திமில் எப்படி வந்துச்சு, தெரியுமா?" என்றேன். "எங்கப்பா காலம் வரைக்கும் ஒண்ணுதான். ஒருத்தன் விரிசல் விட்ட ஜீப்பை ஒட்டகத்துமேல சாய்ச்சு நிறுத்திட்டுத் தூங்கிட்டான். அடிச்ச குளிர்ல விரிசல் கண்ணாடியத் தாண்டி ஒட்டகத்துல ஏறிருச்சு. விடிஞ்சு பார்த்தா திமில் ரெண்டா நிக்குது. நான்தான் பசை வச்சுப் பார்த்தேன். ஒரே மயிரு, ஒட்டல."

"பொய்!"

"ஒட்டகத்தையே கேளு."

"அது சொல்லுமாக்கும்!"

"சொல்லாது. என்மேல கோவம். அதான் எப்பப் பாரு மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு நிக்குது."

சிரித்துவிட்டாள். சிரிக்கச் சிரிக்க இரண்டு கன்னத்திலும் தண்ணீர் வழிந்தது. பதறிப்போய்த் துடைத்தாள்.

"சிரிச்சு வர்ற தண்ணி கணக்குல சேராது. லாமாகிட்டக் கேட்டுட்டேன்."

நான் கேட்கவேயில்லை. அவளுக்கும் அது தெரிந்திருக்கும். ஆனாலும் நெடுநேரம் அப்படியே சிரித்துக்கொண்டிருந்தாள். தோள் குலுங்கியது. பால் கரைந்து துணியில் இறங்கியது.

ஈரம் காய்ந்ததும் பசை ஏற்றி, அது இறுகுவதற்காக வண்டியை வெயில் பக்கம் திருப்பி நிறுத்தினேன். ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்து, கோடு இருந்த இடத்தை விரலால் தேடினாள். மேலே போனாள், கீழே வந்தாள். அகப்படவில்லை.

"நல்லாத்தான் வேலை பார்த்திருக்கீங்க அண்ணே," என்றாள்.

திட்டியதைப் போல இருந்தது.