சட்டை போட்ட படம்

அப்பா சிங்காரத்தின் நழுவிக்கொண்டிருந்த தாடைக்கட்டை அம்சா குனிந்து இறுக்கிக்கொண்டிருந்தபோது முதுகுக்குப் பின்னால் ‘க்ளிக்’ என்று சத்தம் கேட்டது. திரும்பினாள். வாசற்படியில் கேமராவும் கையுமாக சேஷகிரி. மெட்ராஸ்காரன்.

அவன் மறுபடி கண்ணருகே தூக்குவதற்குள் எழுந்து போய் லென்ஸை உள்ளங்கையால் பொத்திவிட்டாள்.

“மன்னிச்சுக்கோம்மா. ஆடிக்கிருத்திகை படம் எடுக்கத் திருத்தணி வந்தேன். அப்படியே ஆர்.கே.பேட்டையில உங்கப்பாவைப் பார்த்துட்டுப் போகலாம்னு பஸ் ஏறினேன். இறங்கினா மேளச் சத்தம்...”

“அதான் உள்ள வந்ததும் எடுத்துட்டீங்களா?”

போன வருஷம் இவன் வந்தபோது சிங்காரம் பெட்டியைத் திறந்து, வெள்ளைச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு, தலைவாரித் தறியில் உட்கார்ந்தார். “சட்டை வேண்டாம், கழட்டிடுங்க” என்றான் இவன். விருந்தாளி சொல்கிறானே என்று கழட்டினார். அடுத்த மாதம் ஒரு வாரப் பத்திரிகையின் நடுப்பக்கம் முழுக்க அவருடைய விலா எலும்புகள். அடியில் ஒரே வார்த்தை: பசி. டீக்கடைக்காரன் அதை வெட்டிச் சுவரில் ஒட்டினான். “இன்னா பசி, டீ சாப்ட்டியா?” என்று வயசு வித்தியாசம் இல்லாமல் எல்லோரும் கேட்டார்கள். சிங்காரம் அந்தப் பக்கம் போவதையே விட்டுவிட்டார். நேற்று மார்வலி என்று படுத்தவர், விடியும்போது இல்லை.

“பசின்னு போட்டீங்களே,” என்றாள் அம்சா. “அன்னிக்கு எங்க வூட்டுல கறிக்கொழம்பு. நீங்களுந்தானே துன்னீங்க? நல்லாக்கீதுன்னு ரெண்டாந்தபா வேற வாங்கிக்கினீங்க.”

சுற்றி உட்கார்ந்து அழுதுகொண்டிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“அது உங்கப்பா ஒருத்தரைப் பத்தி இல்லம்மா. நெசவாளர் எல்லாருடைய நிலைமை. சர்க்கார் கண்ணுல படணும்னுதான்...”

“மூஞ்சி எங்க நைனாவோடது. எல்லாரோட மூஞ்சியும் இல்ல.”

“தறியில சட்டை இல்லாமத்தானே உட்காருவார்?”

“ஆங், உக்காருவாரு. நீங்ககூட சட்டையக் கழட்டிட்டுத்தான் குளிப்பீங்க. கல்யாணப் போட்டோல அப்படியா நின்னீங்க?”

கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டு, அதை இருமலாக மாற்றினார்கள். தாய்மாமன் வீரபத்திரன் பல்லைக் கடித்தார்.

“வுடு அம்சா. பாடை கட்டிக்கினு கீறாங்க. அவர வெளிய போவச் சொல்லு.”

“போவக் கூடாது மாமா. ஸ்டுடியோக்காரனுங்க அத்தினி பேரும் காவடிக்காரங்களப் படம் புடிக்க மலைக்குப் பூட்டானுங்க. ஒருத்தனும் வரல. நைனாவ எடுத்துட்டா அப்பறம் மாலை போட வூட்டுல இன்னா கீது? அந்தப் பசிப் படந்தான் கீது.” சேஷகிரியின் பக்கம் திரும்பினாள். “நீங்க எடுங்க.”

“நான் இந்த மாதிரி உட்கார வெச்சு எடுக்கறதில்லையேம்மா...”

“இன்னிக்கு எடுப்பீங்க.”

வெள்ளைச் சட்டை வந்தது. அவர் கை மடங்கவில்லை. முதுகுப் பக்கம் கிழித்து மாட்டி, நாற்காலியில் உட்காரவைத்து, மார்போடு துண்டால் கட்டினார்கள். அம்சா கழுத்துப் பொத்தான் வரை போட்டுவிட்டாள். அம்மா ஜெயம்மாளை ஒரு ஸ்டூலில் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு, மறுபக்கம் போய் நின்றாள்.

சேஷகிரி பழக்கத்தில், தறியும் படத்தில் விழட்டும் என்று இரண்டடி பின்னுக்குப் போனான்.

“தறி வேணாம்,” என்றாள். “கிட்ட வாங்க. இன்னும்.”

வந்தான். மூச்சை அடக்கிக்கொண்டு எடுத்தான்.

“இன்னொண்ணு.”

எடுத்தான். கேமராவை இறக்கி, யார் முகத்தையும் பார்க்காமல், “ஆச்சும்மா” என்றான்.

வீரபத்திரன் துண்டின் முடிச்சை அவிழ்க்கக் குனிந்தார். வெளியே மேளம் மறுபடி ஆரம்பித்தது. ஜெயம்மாள் மட்டும் எழுந்திருக்கவில்லை. தலைப்பை இழுத்துத் தோளை மூடிக்கொண்டு, நிமிர்ந்து, கண் கொட்டாமல் கேமரா இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.