ஏன் ஏப்ரல்?

ஒரு ரைஸ் குக்கர் வாங்க இரண்டு வாரம் ரிவ்யூ படிக்கிற மனுஷன், ஆப்பிரிக்கா பயணத்துக்கு மாதம் குறிக்க இரண்டு நிமிஷம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. "ஏப்ரல்ல போயிடலாம்" என்றார் அன்வர் பாட்சா. அங்கேதான் அவர் மனைவி மெஹர் நிஷாவுக்கு முதல் சந்தேகம் தட்டியது.

இருபத்தைந்தாவது கல்யாண நாளுக்கு தான்சானியாவின் செரெங்கெட்டி காட்டுக்குப் போக வேண்டும் என்பது அவள் ஆசை. கேட்டி என்ற ஊரில் வீடு வாங்கிய நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரி ஃபார்மசியில் வேலை. எதையும் இரண்டு முறை சரிபார்த்துப் பழகியவள். சீசன் விஷயத்தையும் அப்படித்தான் படித்து வைத்திருந்தாள். ஜூலை முதல் அக்டோபர்வரை மழை இருக்காது. புல் காய்ந்து படுத்துவிடும். மிச்சமிருக்கிற தண்ணீரைத் தேடி மிருகங்கள் ஓரிடத்தில் கூடும். ஏப்ரலிலோ அடைமழை, உயர்ந்து நிற்கும் புல், வண்டி சிக்கும் சேறு. சில முகாம்களை மூடியே விடுவார்கள்.

"ஏங்க, ஏப்ரல்ல மழைங்க. செப்டம்பர்தான் பெஸ்ட்னு எல்லாரும் சொல்றாங்க."

"செப்டம்பர்ல ஒரே க்ரவுடு, மெஹர். ஒரு சிங்கத்தைச் சுத்தி முப்பது ஜீப் நிக்கும்."

சரி என்று விட்டிருப்பாள். ஆனால் மறுநாள் காரணம் மாறியது. ஏப்ரலில் பறவைகள் அதிகமாம். பேக்யார்டில் புறா கத்தினாலே ஜன்னலைச் சாத்துகிறவருக்குப் பறவை மேல் என்ன பாசம்? அதற்கும் மறுநாள், பச்சைப் பசேலென்ற இடத்தில் போட்டோ நன்றாக வரும் என்றார். மூன்று நாளில் மூன்று காரணம். ஒன்று உண்மையாக இருந்தால் மற்ற இரண்டு எதற்கு?

செப்டம்பரில் இவருக்கு என்ன இருக்கிறது? இருவருக்கும் பொதுவான காலண்டரை போனில் திறந்து பார்த்தாள். பைப்லைன் கம்பெனி வேலையாக மாதம் ஒருமுறை ரிச்சர்ட்சன் ஊருக்குப் போய் வருகிறவருக்கு அந்த மாதம் ஒரு பயணமும் இல்லை. அது அப்படித் துடைத்து வைத்தாற்போல் இருந்ததே அவளுக்குப் பிடிக்கவில்லை.

ஆஸ்டினில் படிக்கும் மகள் ரிதாவிடம் கேட்டாள். "அத்தா உன்கிட்ட ஏதாச்சும் சொன்னாரா?"

"ம்மா, யூ ஆர் பீயிங் வியர்ட். ஜஸ்ட் ஆஸ்க் ஹிம்."

கேட்கவில்லை. கேட்டால் நான்காவது காரணம் ஒன்று வரும், அவ்வளவுதான்.

அடுத்த செவ்வாய் காலை ஏழு மணிக்கு கராஜ் கதவைத் திறந்தவள் அப்படியே நின்றாள். அன்வர் வாட்டர் ஹீட்டர் பக்கம் திரும்பி நின்று ஸ்பீக்கரில் பேசிக்கொண்டிருந்தார். மறுமுனையில் ஒரு பெண் சிரித்தாள். "ப்ளீஸ், நீமா, என் மனைவிக்கு மட்டும் இது தெரியக் கூடாது" என்று அவர் ஆங்கிலத்தில் கெஞ்சினார்.

மெஹர் சத்தமில்லாமல் கதவைச் சாத்தினாள். அன்று வேலையில் மாத்திரைகளை மூன்று முறை எண்ணினாள். சாயந்திரம் அவர் தொழுகைக்கு நின்றபோது போனை எடுத்துப் பார்த்தாள். காலையில் பேசியது தான்சானியா நம்பர். அப்படியானால் ஏப்ரலில் அங்கே யாரைப் பார்க்கப் போகிறார்?

மறுநாள் காலை ஆஸ்பத்திரி பார்க்கிங்கில் காரை நிறுத்திவிட்டு, அந்த நம்பரை அழுத்தினாள். எடுத்த பெண் தன் பெயரையும் அரூஷா நகரத்து சஃபாரி கம்பெனி ஒன்றின் பெயரையும் சொன்னாள். மெஹர் தான் யாரென்று சொன்னதும் அந்தப் பெண்ணின் குரல் தாழ்ந்தது.

"மேடம், நான் இதைச் சொல்லக் கூடாது. ஆனால் பதினொரு வருஷத்தில் என்னிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை. சிங்கம் கண்ணில் பட வாய்ப்பே இல்லாத மாதம் எது என்றார். அப்படி ஒரு மாதம் கிடையாது, ஏப்ரலில் வேண்டுமானால் கொஞ்சம் சிரமம் என்றேன். எத்தனை சதவீதம் சிரமம் என்று அன்றிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்."

மெஹருக்குச் சிரிப்பு வரவில்லை. சந்தேகம் வேறு பக்கம் திரும்பியது. பயம் என்றால் சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாமே. அதை எதற்கு ஒளிக்க வேண்டும்?

அன்று மாலை டீயை நீட்டிக்கொண்டே, "நீமாகிட்ட பேசினேன்" என்றாள்.

அன்வர் கோப்பையை வாங்கவில்லை.

"ரிதாவுக்கு நாலு வயசுல, உனக்கு வீக்கெண்ட் ஷிஃப்ட்னு நான் மட்டும், கார்ல உக்காந்தபடியே மிருகங்களைப் பார்க்கிற அந்த டிரைவ்-த்ரூ சூவுக்குக் கூட்டிட்டுப் போனேன்ல."

"ஆமா. வந்தும் சிரிச்சுக்கிட்டே இருந்தா."

"நெருப்புக்கோழி ஒண்ணு அந்தப் பக்க ஜன்னல்ல தலைய உள்ள விட்டுச்சு. நான் என் பக்கக் கதவைத் திறந்துட்டு ஓடிட்டேன், மெஹர்."

"ஓடிட்டீங்களா? பிள்ளை?"

"கார் சீட்ல. பெல்ட் போட்டபடி. கொஞ்ச தூரம் ஓடினப்புறம்தான் அவ ஞாபகமே வந்துச்சு. சிங்கத்தை நினைச்சுப் பயப்படல. உன்னை விட்டுட்டு மறுபடியும் ஓடிருவேனோன்னுதான் பயம்."

அவளால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பதினேழு வருஷமாக ஒரே வீட்டில் இருந்துகொண்டு இதைச் சொல்லவில்லை. பெல்ட் போட்ட குழந்தை மட்டும் கண்ணுக்குள் நின்றது. அன்று ரிதாவின் அறையில் போய்ப் படுத்துக்கொண்டாள். இரண்டு நாள் தேவைக்குமேல் பேசவில்லை.

சனிக்கிழமை காலை, "காரை எடுங்க, அந்த சூவுக்குப் போகணும்" என்றாள். மூன்று மணி நேர டிரைவ். அவள் முன்னால் உட்காரவில்லை. பின்சீட்டில், அன்று ரிதா இருந்த இடத்தில் உட்கார்ந்து பெல்ட் போட்டுக்கொண்டாள். கண்ணாடியில் அதைப் பார்த்துவிட்டு அன்வர் வண்டியைக் கிளப்பினார்.

உள்ளே வரிக்குதிரைகள் வந்தன, மான்கள் வந்தன. அவள் எதையும் பார்க்கவில்லை. கதவுப் பக்கம் இருந்த அவர் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வளைவு ஒன்றில் நெருப்புக்கோழி குறுக்கே வந்து, காலியாக இருந்த முன்சீட்டுப் பக்கக் கண்ணாடியைக் கொத்தியது. அவர் பிடரியில் வியர்வை வழிந்தது. கை கதவுப் பிடிக்குப் போனது.

கை அங்கேயே இருந்தது, பிடியை இழுக்கவில்லை. மற்றொரு கை, இரண்டு சீட்டுக்கும் நடுவே பின்பக்கம் துழாவி வந்து அவள் முழங்காலைப் பிடித்தது.

"இருக்கியா?"

"இருக்கேன். வண்டியை எடுங்க, பின்னால ஹார்ன் அடிக்கிறாங்க."

முழுக்க மன்னித்துவிட்டாள் என்று சொல்ல முடியாது. ஆனால் திரும்பும்போது முன்சீட்டுக்கு வந்திருந்தாள். ஃப்ரீவே ஏறியதும் போனை எடுத்தாள்.

"செப்டம்பருக்கே புக் பண்றேன்."

"மெஹர்..."

"ஜீப்புல கதவுப் பக்கம் நான் உக்காந்துக்கறேன். நீங்க நடுவுல உக்காருங்க."

அன்வர் இரண்டு எக்ஸிட்டைத் தாண்டினார். பிறகு, "நடுவுல சீட் இருக்குமா?" என்றார்.

"கேக்கறேன்" என்று சொல்லி, நீமாவுக்கு டைப் செய்ய ஆரம்பித்தாள்.