மார்வா வாங்காத திறப்பு

லண்டன் மனோர் பார்க்கில் வசந்தமலரின் வீட்டுக்கு இடப்பக்கம் கிரஹாம், வலப்பக்கம் மார்வா. கிரஹாம் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வெள்ளைக்காரர். மனைவி இறந்த பிறகு 'பிஸ்கற்' என்ற தவிட்டு நிறப் பூனைதான் துணை. மார்வா ஜமேக்காவிலிருந்து வந்த கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தவள், கணக்கு ரீச்சர். மகன் ஜெரோம் கல்லூரிக்குப் போகிறான். வேலிக்கு மேலால் தக்காளியும் வடையும் கைமாறும் அளவுக்கு மூன்று வீட்டுக்கும் பழக்கம்.

ஸ்பெயினில் இருக்கும் மகளைப் பார்க்கப் போகும்போதெல்லாம் கிரஹாம் வீட்டுத் திறப்பை, அதாவது சாவியை, வசந்தமலரிடம் கொடுத்துவிட்டுப் போவார். இந்தக் கோடையில் அவளுக்கும் பாரிஸில் அக்கா மகளின் கலியாணம்.

"மார்வாவிட்டைக் குடுங்கோவன்" என்று அவள்தான் சொன்னாள்.

அடுத்த நாள் கிரஹாம் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

"ஏலாது எண்டிட்டா. நான் நம்பி என்ரை வீட்டையே குடுக்கிறன். அவவுக்கு என்னிலை என்ன கோபம்?"

வசந்தமலருக்கும் விளங்கவில்லை. பின்னேரம் போய்க் கேட்டாள். மார்வா தேநீரை ஊற்றிக்கொண்டே சிரித்தாள்.

"மலர், நீங்கள் கிரஹாமின்ரை கதவைத் திறந்தால், பூனைக்குச் சாப்பாடு வைக்க வந்திருக்கிறியள் எண்டு சனம் நினைக்கும். நான் திறந்தால் என்ன நினைக்கும்?"

"இந்தத் தெருவிலை உங்களை எல்லாருக்கும் தெரியுமே."

"ஜெரோமையும்தான் எல்லாருக்கும் தெரியும்."

மார்வாவின் சிரிப்பு அடங்கியது. ஜெரோம் சின்னவனாக இருந்தபோது, ஒரு பகல், திறப்பை மறந்துவிட்டு வந்து தன் வீட்டு யன்னலால் ஏறியிருக்கிறான். யாரோ போன் அடித்துவிட்டார்கள். பொலிஸ் வந்து பள்ளிக்கூடச் சட்டையோடு அவனைச் சுவரோடு சேர்த்து நிறுத்தியது.

"கூப்பிட்டது ஆர் எண்டு இண்டைக்கும் தெரியாது. தெரியாமலேதான் எல்லாருக்கும் குட் மோர்னிங் சொல்லுறன். கிரஹாம் என்னை நம்பி அது பிழையாய்ப் போனால் அவருக்கு ஒரு ரீவி போகும். நான் அவரை நம்பித் திறப்பை வாங்கி அது பிழையாய்ப் போனால் என்ரை பிள்ளை சுவரோடை நிக்கும்."

வசந்தமலர் தேநீரைக் குடிக்க மறந்தாள். அந்தத் திறப்பை வாங்கலாமா, கூடாதா என்று தான் ஒருநாளும் யோசித்ததில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

கேட்டதை அப்படியே கிரஹாமிடம் சொன்னாள். மனுசன் சனிக்கிழமை காலை எழுந்து, சேர்ட்டை அயர்ன் பண்ணிப் போட்டுக்கொண்டு, தெருவில் உள்ள ஒவ்வொரு கதவாகத் தட்டினார்.

"நான் இல்லாத நேரம் மார்வா என்ரை வீட்டுக்கு வருவா. ஒருத்தரும் பயப்படாதேங்கோ!"

கதை தெருக்கோடிக்குப் போய்த் திரும்பி மார்வாவின் காதுக்கு வந்தது. அவள் வாசலுக்கு வந்து இடுப்பில் கை வைத்தாள்.

"இருபது வருசமாய் நான் இருக்கிற தெருவிலை, எனக்கு நன்னடத்தைச் சான்றிதழ் குடுத்துக்கொண்டு திரியிறியளே!"

கிரஹாம் காது நுனிவரை சிவந்தார். "நான் நல்லதுக்குத்தான்..." என்று இழுத்தார். நடுவில் நின்ற வசந்தமலரால் அடக்க முடியவில்லை, பக்கென்று சிரித்துவிட்டாள். மார்வாவுக்கும் தொற்றியது. கடைசியாகக் கிரஹாமும் சிரித்தார்.

"திறப்பு வேண்டாம்," என்றாள் மார்வா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "பூனையைத் தாங்கோ."

பிஸ்கற் கூடையில் ஏறி மார்வா வீட்டுக்குப் போனது. வசந்தமலர் பாரிஸிலிருந்து திரும்பியபோது அது ஜெரோமின் கட்டிலில் நாலு காலையும் நீட்டி மல்லாந்து கிடந்தது. கிரஹாமும் ஸ்பெயினிலிருந்து வந்து தூக்கிக்கொண்டு போனார். மறுநாளே அது வசந்தமலரின் கீரைப் பாத்தியை மிதித்துக்கொண்டு மார்வாவிடமே ஓடியது. மறுபடி தூக்கினார், மறுபடி ஓடியது. ஆகவே பூனையைப் பார்க்க வேண்டுமானால் கிரஹாம்தான் மார்வாவின் கதவைத் தட்டவேண்டியிருந்தது. முதலில் வாசற்படியோடு நின்றார். பிறகு சமையல் நடக்கும் குசினி வரை போனார். பிறகு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு அங்கேதான் என்றாயிற்று.

அப்படி ஒரு ஞாயிறு, வசந்தமலரும் வடையோடு போயிருந்தாள். சாப்பிட்டுக்கொண்டிருந்த கிரஹாம் திடீரென்று கரண்டியை வைத்தார்.

"ஜெரோம், அண்டைக்குப் பொலிஸைக் கூப்பிட்டது நானில்லை. ஆனால் மேல்மாடியிலை நிண்டு பாத்தனான். நீ இந்த வீட்டுப் பிள்ளை எண்டு தெரிஞ்சும் இறங்கி வந்து ஒரு சொல் சொல்லேல்லை. அதுக்கு மன்னிப்புக் கேக்கிறன்."

ஜெரோம் தட்டிலிருந்து நிமிர்ந்தான்.

"தெரியும்," என்றான் ஜெரோம். "உங்கடை யன்னல் கேர்ட்டின் அசைஞ்சதைக் கண்டனான். எப்பவாவது சொல்லுவியளோ எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்."

மார்வா கிரஹாமின் பக்கம் திரும்பினாள். "'கூப்பிட்டது நானில்லை' எண்டு மட்டும் சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டன்," என்றாள். "இப்ப நம்புறன்." பெரிய கோழித்துண்டு ஒன்றை எடுத்து அவர் தட்டில் வைத்தாள்.

"ஆனால் பூனையைத் திருப்பித் தரமாட்டன்," என்றான் ஜெரோம்.

"ஐயோ, தராதை!" என்று பதறினார் கிரஹாம். "பிறகு எனக்கு இந்தக் கோழிக்கறி ஆர் தருவினம்?"