ஏழாம் பீப்பாய்

அடையாற்றங்கரையில் இருந்த அந்தச் சின்ன பீர் தொழிற்சாலையில் சோதனைக்கூடம் என்பது ஒரு மேசையும் ஒரு மைக்ராஸ்கோப்பும்தான். 1944 ஜூனில் அங்கே சேர்ந்தேன். ரசாயனம் படித்த ஆண்கள் யுத்த வேலைகளுக்குப் போய்விட்டதால் கிடைத்த இடம். ஒரு தப்பு வந்தாலும் வேலையைவிட்டு நின்றுவிட வேண்டியதுதான் என்று முதலாளி அல்போன்ஸ் முதல் நாளே சொல்லியிருந்தார்.

ஆட்கள் என்னை டீச்சரம்மா என்றார்கள். படித்த பெண்ணுக்கு அவர்களிடம் வேறு பெயர் இல்லை. நான் முற்றத்தைக் கடந்தால் பேச்சு நின்றுவிடும். மேசையிலேயே தனியாகச் சாப்பிடுவேன். காலையில் வந்தால் மாலைவரை ஒரு சொல்கூடப் பேச நேராத நாட்கள் உண்டு.

ஆகஸ்ட் தொடக்கத்தில் ஐஸ் அறையிலிருந்து ஏழாம் பீப்பாயின் மாதிரி வந்தது. மூடியைத் திறந்ததும் அழுகிய முட்டை நாற்றம். அது கெட்டுப்போனதன் அடையாளம் என்றது அலமாரியில் இருந்த ஆங்கிலப் புத்தகம். நான் மேற்கொண்டு எதுவும் பார்க்கவில்லை. ‘கெட்டது, கொட்டிவிடலாம்’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன். சனிக்கிழமை ஆற்றில் கொட்டச் சொல்லிவிட்டார் முதலாளி.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆம்ப்ரோஸ் வந்தார். ஐஸ் அறையைப் பார்த்துக்கொள்பவர், முப்பது வயதிருக்கும். வாசலுக்கு வெளியிலேயே நின்றார்.

“குடிச்சிப் பாத்தீங்களா?”

“நான் குடிக்கறதில்லே.”

“பூசைக்கே போவாம, சாமியார் பிரசங்கம் சரியில்லன்னு சொல்ற மாதிரி கீது.”

பிறகு மெதுவாக விஷயத்தைச் சொன்னார். யுத்தத்துக்கு முன் பெங்களூரில் ஒரு ஜெர்மன்காரரிடம் வேலை செய்திருக்கிறார். மற்ற பீப்பாய்கள் சாதாரணச் சூட்டில் ஒரே வாரத்தில் பொங்கி முடியும். இது ஜெர்மன் முறை. ஐஸிலேயே கிடந்து மெதுவாகப் பொங்கும். ஆரம்பத்தில் நாறும், குளிரில் கிடக்கக் கிடக்க நாற்றம் போய்விடும். மூன்று வருஷம் கேட்டுக் கேட்டு இந்த ஒரு பீப்பாய்க்கு முதலாளியிடம் ஐஸ் வாங்கியிருந்தார். இது ஆற்றுக்குப் போனால் இனி ஒரு கட்டி ஐஸ்கூடக் கிடைக்காது.

சாக்கில் சுற்றிய ஒரு பாட்டிலை மேசைமேல் வைத்தார். அதே ஈஸ்டில் சோதனைக்காகச் செய்து, ஐஸில் ஒரு மாதம் புதைத்து வைத்தது.

முற்றத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும்படி கதவு விரியத் திறந்திருந்தது. பீக்கரில் ஊற்றிக் குடித்தேன். முதலில் சில்லிப்பு. பிறகு சுட்ட ரொட்டியின் மணம். கடைசியில் வேப்பம்பூவைப் போல ஒரு கசப்பு, வந்த வேகத்திலேயே விலகியது. நாற்றம் துளியும் இல்லை. இன்னொரு வாய் குடித்தேன்.

அதற்குப் பிறகுதான் ஏழாம் பீப்பாயின் துளியை மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். முதல் நாளே செய்திருக்க வேண்டியது. ஈஸ்ட் மட்டுமே இருந்தது. கெடுக்கும் கிருமி ஒன்றுகூட இல்லை.

அந்தப் புத்தகம் சூட்டில் பொங்கும் பீரைப் பற்றி மட்டுமே பேசுவது என்று எழுதித் தப்பித்திருக்கலாம். ‘முதல் அறிக்கை என் தவறு. பீர் கெடவில்லை’ என்று எழுதினேன். முதலாளி இரண்டு முறை படித்தார். பீப்பாய் இருக்கட்டும் என்றார். நான் மாதக் கடைசிவரை வரலாம் என்றும் சொன்னார். குரலில் கோபம் இல்லை.

என் கடைசி நாளன்றே முற்றத்தில் பீப்பாயைத் திறந்தார்கள். தகரக் குவளைகளில் பிடித்துச் சுற்றி நின்று குடித்தார்கள். கசப்பு ஜாஸ்தி என்றார் ஒருவர். கசப்பே இல்லை என்றார் இன்னொருவர். ஆம்ப்ரோஸ் நிறைந்த குவளையோடு என் ஜன்னலைப் பார்த்து இரண்டடி வைத்தார்.

“டீச்சரம்மாவுக்கா?” என்று பின்னாலிருந்து ஒரு குரல். “வாணாம் நைனா, அப்புறம் அதையும் கொட்டச் சொல்லி எழுதிடப் போவுது.”

எல்லாரும் சிரித்தார்கள். ஆம்ப்ரோஸும் சிரித்தார். குவளையைத் தானே வாயில் வைத்துக்கொண்டார்.

கசப்பு இருக்கிறது, ஆனால் தங்குவதில்லை. அதை அவர்களிடம் சொல்லியிருக்கலாம். கண்ணாடிக் குழாய்களை ஒவ்வொன்றாகக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, பின்வாசல் வழியாக வெளியே வந்தேன்.