பிலிமில் வெட்டிய கண்

ஆபீசில் அவளைப் பென்சில் என்றுதான் கூப்பிடுவார்கள். குடிநீர்க் கட்டணம் வாங்கும் கவுண்டர் அவளுடையது. வரிசையில் ஆள் குறைந்தால் போதும், எதிரே நிற்கிறவரின் மூக்கோ முழங்கையோ பழைய ரசீதின் பின்பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடும். ஒருமுறை மேலதிகாரி கொட்டாவி விடுவதை வரைந்தாள். அது அவர் கைக்கே போய், மனுஷன் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தார். பிறகு அவரே, தன் மகளை ஒரு படம் போட்டுத் தர முடியுமா என்று வழிந்துகொண்டு வந்து நின்றார்.

அந்தக் கை பழகியது தம்பியை வைத்துத்தான். சின்ன வயதில் ஒரு மிட்டாய் கொடுத்தால் அசையாமல் உட்காருவான். அவனுக்கு மாறுகண். வலது கண் நம்மைப் பார்த்தால் இடது கண் எங்கோ வாசல் பக்கம் போய்விடும். அதற்காகப் பள்ளிக்கூடத்தில் அவன் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. அவளுக்கோ அவன் முகத்தில் வரையப் பிடித்த இடமே அதுதான். நோட்டுத்தாள், காலண்டர் தாள், அட்டை என்று ஒரு தகரப் பெட்டி நிறைய அவனாகவே இருந்தான்.

இதைத் தொழிலாக்கும் யோசனை அவள் வீட்டுக்காரருடையது. மொபைல் கடையில் விற்பனையாளர்; கையில் கிடைத்த எதையும் விற்றுவிடலாம் என்று நம்புகிற ரகம். அவள் படங்களைப் போனில் போட்டார், ஆட்கள் வந்தார்கள். முதலில் ஒரு படத்துக்கு இரண்டு வாரம் எடுத்தாள். ஆளை நேரில் பார்க்க வேண்டும், பேச்சுக் கொடுக்க வேண்டும், இறந்தவர் என்றால் அவரைப் பற்றி வீட்டில் யாராவது உட்கார்ந்து சொல்ல வேண்டும் என்று அடம்பிடித்தாள். இப்படி வரைந்தால் விளங்கினாற்போலத்தான் என்றார் அவர். அவர் சொன்னதிலும் தப்பில்லை. ஒழுகுகிற வாடகை வீட்டிலிருந்து வெளியேற வேண்டும் என்ற ஆசை இரண்டு பேருக்கும்தான் இருந்தது.

வந்தவர்கள் கேட்டதெல்லாம் கிட்டத்தட்ட ஒன்றே. தழும்பை எடுத்துவிடுங்கள், பல்லை உள்ளே தள்ளுங்கள், அப்பா கொஞ்சம் சிரிக்கட்டும். கண் மட்டும் எல்லாருக்கும் பளிச்சென்று நேரே பார்க்க வேண்டும். ஒவ்வொரு கண்ணோடும் மல்லுக்கட்ட நேரமில்லாமல் அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். பழைய எக்ஸ்ரே பிலிமைக் கழுவி, அதில் கண் வடிவத்தைப் பிளேடால் வெட்டி எடுத்தாள். குழந்தைக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று, ஆணுக்கு ஒன்று. தாளில் வைத்துக் கோடு இழுத்து, கருவிழியை நிரப்பி, வெள்ளை மையில் ஒரு பொட்டு வைத்தால் வேலை முடிந்தது. உயிரோடு பார்க்கிற மாதிரியே இருக்கிறது என்று கண் கலங்கி வாங்கிப் போனார்கள். ஊரில் பாதிச் சுவர்களிலிருந்து ஒரே ஆள் பார்த்துக்கொண்டிருந்தது யாருக்கும் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் யார் கவலைப்பட்டிருப்பார்கள்?

பென்சிலில் வரைகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கை பட்டுக் கரி பரவிவிடாமல் இருக்க, உள்ளங்கைக்கு அடியில் ஒரு வேண்டாத தாளை வைத்துக்கொள்வார்கள். அது கறுத்ததும் கசக்கிப் போட்டுவிட்டு வேறொன்று எடுப்பார்கள். நல்ல தாளை அதற்கு வீணாக்க மனம் வராமல் அவள் தகரப் பெட்டிக்குள் கைவிட்டாள். முதல் தாளை எடுத்தபோது கொஞ்சம் தயங்கத்தான் செய்தாள். ஆள்தான் பக்கத்துத் தெருவில் குத்துக்கல்லாட்டம் இருக்கிறானே, எப்போது வேண்டுமானாலும் உட்காரவைத்து வரைந்துகொள்ளலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். அடுத்தடுத்த தாள்களுக்கு அந்தத் தயக்கமும் இல்லை.

தம்பி பார்சல் வேன் ஓட்டிக்கொண்டிருந்தான். அம்மாவும் அவனும்தான் அந்த வீட்டில். வேலை முடிந்து போகிற வழியில் அக்கா வீட்டில் தலையைக் காட்டுவான், சுவரில் சாய்த்து வைத்திருக்கும் படங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பான்.

"அக்கா, எனக்கும் ஒண்ணு போட்டுக் குடேன். கண்ணை மட்டும் இருக்கிறபடியே போடு. போட்டோ பிடிக்கிறவன் எல்லாம் கேக்காமலே நேராக்கிடுறான்."

இந்த மாதம் தலைக்கு மேல் வேலை, அடுத்த மாதம் பார்க்கலாம் என்றாள் அவள். சரி, நான் வரிசையிலேயே நிற்கிறேன், என் முறை வந்தால் கூப்பிடு என்று சிரித்துக்கொண்டே போனான். அதற்கப்புறமும் கேட்டான். அடுத்த மாதம் என்பது அவள் வாயில் பாடமாகிவிட்டது. கவுண்டரில் நிற்கிறவர்களுக்குக்கூட அவள் அத்தனை சுலபமாகப் பதில் சொன்னதில்லை.

ஒரு மழைநாளில், நெடுஞ்சாலையில் பழுதாகி நின்ற லாரியின் பின்னால் அவன் வேன் போய்ச் செருகிக்கொண்டது. அடையாளம் காட்டப் போன வீட்டுக்காரர், முகத்தை யாரும் பார்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மூடியபடியே கொண்டுபோனார்கள். அம்மா அழுது ஓய்ந்த பிறகு மகளிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"ஊரே உங்கிட்ட வந்து வாங்கிட்டுப் போகுது. எம்புள்ளையை எனக்கு வரைஞ்சு குடு. கடைசியா அவன் மூஞ்சியைக்கூட நான் பாக்கலை."

லீவு போட்டுவிட்டு உட்கார்ந்தாள். போனில் இருந்த படங்களில் எல்லாம் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தான். லைசென்சுக்கு எடுத்த போட்டோவில் ஸ்டுடியோக்காரன் கண்ணை நேராக்கியிருந்தான். தகரப் பெட்டியைக் கவிழ்த்தாள். தூசியும் ஒடிந்த பென்சில் துண்டுகளும் விழுந்தன. அடியில் ஒட்டிக்கொண்டிருந்த கடைசித் தாளை வீட்டுக்காரரின் முதலாளியம்மா படம் வரையும்போது கைக்கு அடியில் வைக்க எடுத்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. நெஞ்சில் அறைந்துகொண்டு அழுதாள்.

நினைவிலிருந்து வரைய ஆரம்பித்தாள். நெற்றி வந்தது, பந்து பட்டு வளைந்த மூக்கு வந்தது, காது அப்படியே வந்தது. கண்ணுக்கு வந்ததும் கை நேராகப் போனது. அந்த இடது கண் எவ்வளவு விலகும்? இமை சரியுமா, சரியாதா? எத்தனை வருஷம் பார்த்த முகம்! நினைக்க நினைக்க வெள்ளைப் பொட்டு வைத்த அந்தப் பிலிம் கண்தான் எதிரே வந்து நின்றது. பிலிம் துண்டுகளைத் தூக்கிக் குப்பையில் எறிந்தாள். அதற்குள் அவை கைக்குள்ளேயே போயிருந்தன. ஒரு தடவை பல்லைக் கடித்துக்கொண்டு கருவிழியை ஓரமாகத் தள்ளி வைத்துப் பார்த்தாள். பள்ளிக்கூடத்துப் பையன்கள் அவனைக் கேலி செய்ய வரைந்த படம் மாதிரி இருந்தது. கிழித்துப் போட்டாள்.

வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவர் கல்நெஞ்சக்காரர் இல்லை, மச்சானுக்காக அவரும் அழுதவர்தான்.

"நேராவே இருந்துட்டுப் போகட்டுமே. புள்ளையை அப்படிப் பாக்க அத்தைக்கும் ஆசை இருந்திருக்காதா?"

அதை நம்ப அவளுக்கு ரொம்ப ஆசையாக இருந்தது. நேராகவே வரைந்து முடித்தாள். அவரே கண்ணாடிச் சட்டம் போட்டு எடுத்து வந்தார். எடுப்பான படம்தான், அதில் ஒரு குறை சொல்ல முடியாது.

அம்மா வீட்டில் கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் ஆணி ஏற்கெனவே அடித்து வைக்கப்பட்டிருந்தது. மாட்டிவிட்டு அவள் ஒதுங்கி நின்றாள். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கிட்டே போய்ப் பார்த்தாள். காதைத் தொட்டாள், வளைந்த மூக்கைத் தொட்டாள். லேசாகச் சிரித்ததுபோல்கூட இருந்தது. பிறகு கதவுப் பக்கம் போய் நின்று பார்த்தாள். ஜன்னல் பக்கம் போனாள். கட்டிலில் உட்கார்ந்து பார்த்தாள். எங்கே போனாலும் அந்தக் கண்கள் அவளை விடாமல் பார்த்தன.

மகள் ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாமா என்று பார்த்தாள்.

"நல்லாத்தான் வரைஞ்சிருக்கே" என்றாள் அம்மா. குரலில் கோபமே இல்லை. "எம்புள்ளை என்னை ஒரு கண்ணாலதான்டி பாப்பான். இது யார் வீட்டுப் புள்ளையோ. கழட்டிக் கொண்டுபோய் இவன் அம்மாகிட்டக் குடுத்துடு."

அவள் படத்தைக் கழற்றினாள்.