பெட்டி மேல் விட்ட கோழிக்குஞ்சு

டாசியோவுக்கு மெல்சோர் தரவேண்டியது நாலாயிரத்து முந்நூற்று ஐம்பது பெசோ. புயலில் பறந்துபோன கூரைத் தகரத்துக்காக வாங்கியது. தரவேண்டியவன் உயிரோடிருந்தான். வாங்கவேண்டியவன் பெட்டிக்குள் கிடந்தான்.

நாற்பத்தொரு பேரோடு கடலில் கவிழ்ந்த படகில் பிழைத்தது மெல்சோர் ஒருவன்தான். டாசியோவின் உடம்பு மூன்றாம் நாள் கரை ஒதுங்கியது. இருவரும் துறைமுகத்தில் கொப்பரை மூட்டை தூக்கியவர்கள். இப்போது மெல்சோரின் முகம் சந்தை வாசலில் பேனராகத் தொங்கியது. மேயர் இருபதாயிரம் கொடுத்தார். டிவிக்காரன் மைக்கை நீட்டி, "கடைசியில உங்க நண்பர் ஜெபமாலை சொன்னாரா?" என்று கேட்டான். மெல்சோர் தலையாட்டினான். "நீங்க அவர் கையை விடவே இல்லையா?" அதற்கும் ஆட்டினான். அந்த இரண்டு ஆட்டலையும் நாடே பார்த்தது.

துக்க வீட்டுக்கு அவன் மத்தியானம் போனான். வாசலில் சீட்டாட்டம் நடந்தது. ஆட்டத்துக்கு ஆட்டம் பந்தயப் பணத்தில் ஒரு பங்கு தகர டப்பாவில் விழுந்தது, அடக்கச் செலவுக்கு. அவனைக் கண்டதும் சீட்டுகள் நின்றன.

"வாங்க ஹீரோ," என்றான் பன்டோய், கூட மூட்டை தூக்குகிறவன். "ஒரு செல்பி எடுத்துக்கலாமா? கொஞ்சம் தள்ளியே நிக்கிறேன். உன் பக்கத்துல இருக்கிறவன் முழுகிடுறான்."

மெல்சோர் உள்ளே நுழைந்தான். நுழைந்தவன் கால் அப்படியே நின்றுவிட்டது. பெட்டியின் கண்ணாடி மேல், டாசியோவின் முகத்துக்கு நேராக, மஞ்சள் கோழிக்குஞ்சு ஒன்று அரிசி கொத்திக்கொண்டிருந்தது. டொக். டொக்.

முழுகிச் செத்தவனுக்கு யாரும் குஞ்சு விடுவதில்லை. கொலையுண்டவனுக்குத்தான் விடுவார்கள். அது கொத்தக் கொத்தக் கொன்றவன் நெஞ்சு குடையும்.

"யாரு அண்ணி விட்டது?"

"நான்தான்." டாசியோவின் மனைவி சியோனி இன்னொரு பிடி அரிசி தூவினாள். "ஏன், உனக்கு எங்கயாச்சும் வலிக்குதா?"

மேயர் கொடுத்த உறையை அப்படியே நீட்டினான். "இருபதாயிரம் இருக்கு. வச்சுக்கோங்க."

"நீ தரவேண்டியது நாலாயிரத்து முந்நூத்தம்பது. நோட்டுல எழுதியிருக்கு. மிச்சம் எதுக்கு, என் வாயை அடைக்கவா?"

"ஐயோ, சத்தியமா இல்ல."

"பதினாறு வருஷம் அந்தாளோட குடித்தனம் பண்ணினவ நான். கல்யாணத்தன்னிக்கே கோயில்ல குறட்டை விட்டவரு, கடல்ல ஜெபமாலை சொன்னாராமா? ஒண்ணும் பண்ணாதவன் எதுக்குப் பொய் சொல்லணும்?"

வாசலில் ஒரு சீட்டும் விழவில்லை. இப்போது வாய் திறக்காவிட்டால் சாகும்வரை இந்த ஊருக்கு அவன் கொலைகாரன்தான்.

"ஜெபம் சொல்லல அண்ணி. திட்டிக்கிட்டே இருந்தாரு. ஒரே மண்ணெண்ணெய் கேனை ரெண்டு பேரும் பிடிச்சிருந்தோம். எனக்குக் கண்ணு சொருகுறப்பெல்லாம் மூஞ்சில தண்ணியை அடிச்சு, 'டேய் பன்னி, முழிடா! நாலாயிரத்து முந்நூத்தம்பது எங்கடா? நீ செத்தா சியோனிக்கு எவன்டா குடுப்பான்?'னு கத்துவாரு. ராத்திரி பூரா அதேதான். இதை டிவியில எப்படிச் சொல்றது?"

சியோனியின் கை அரிசியோடு நின்றது. "அப்புறம்?"

"விடியுற நேரத்துல சத்தம் நின்னுபோச்சு. நான் திரும்பிப் பார்க்கல. பார்த்தா கையை நீட்டணும். நீட்டினா கேன் போயிடும்னு பயம். கையை விடலன்னு சொன்னது பொய். நான் பிடிக்கவே இல்ல."

குஞ்சு கொத்திக்கொண்டே இருந்தது. அவள் உறையைப் பிரித்து ஐந்து ஆயிரம் பெசோத் தாள்களை விரலை நனைத்து எண்ணி எடுத்தாள். வாசலுக்குப் போய்த் தகர டப்பாவை எடுத்துவந்து, அதிலிருந்து மீதி அறுநூற்று ஐம்பதைத் தாளும் காசுமாக உறைக்குள் போட்டு நீட்டினாள்.

"அவரு யார்கிட்டயும் வட்டி வாங்கினதில்ல. நானும் வாங்க மாட்டேன்."

கடன் நோட்டில் அவன் பேர் மேல் ஒரு கோடு இழுத்தாள். பிறகு குஞ்சை இரண்டு கையாலும் அள்ளி, பெட்டியிலிருந்து கீழே இறக்கிவிட்டாள்.