ஃபிட்டரின் குரல்

எனக்குக் காது கேட்கவில்லை என்பதைத் தெருவே கண்டுபிடித்த பிறகும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஃபோனில் மகள் பேசினால், "லைன் சரியில்லடி, இந்தா அப்பாகிட்ட பேசு" என்று தள்ளிவிடுவேன். டிவியில் செய்தி வாசிப்பவர்களுக்கு வாயைத் திறந்து பேச யாரும் சொல்லித் தரவில்லை என்று குறைப்படுவேன். காலிங் பெல் கெட்டுப்போச்சு என்று எலக்ட்ரீஷியனை வரவழைத்தேன். அவர் அமுக்கிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தானேம்மா அடிக்குது" என்றார். "இப்ப அடிக்கும். நீங்க அந்தப் பக்கம் போனதும் நின்னுரும்" என்று சொல்லி அனுப்பியவள் நான். 'கேக்கல' என்கிற ஒரு வார்த்தை மட்டும் என் வாயிலிருந்து வராது.

ஆனால் எதிரில் உட்கார்ந்து யார் பேசினாலும் டாண் டாணென்று பதில் சொல்வேன். அது மில் கொடுத்தது. கல்யாணத்துக்கு முன்பும் பின்புமாக என் பாதி ஆயுசு தறி ஷெட்டில்தான் போனது. அத்தனை தறியும் ஒன்றாக அடிக்கும்போது பக்கத்தில் இடி விழுந்தாலும் தெரியாது. அங்கே யாரும் குரல் கொடுத்துப் பேசுவதில்லை. உதட்டை நன்றாக அசைத்து, கண்ணையும் கையையும் சேர்த்துக்கொண்டு, சத்தமே இல்லாமல் பேசுவோம். நாலு வரிசை தள்ளி நிற்கிறவள் தன் மாமியாரைப் பற்றிச் சொல்கிற புகார் முழுவதையும் என் தறியைவிட்டு நகராமலே வாங்கிக்கொள்வேன். சூப்பர்வைசர் நடுவில் நிற்கும்போதே அவரைப் பற்றிப் பேசிச் சிரிப்போம். பாவம், அந்த மனுஷன் தன்னைப் பார்த்துத்தான் எல்லோரும் சிரித்த முகமாக இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

ஃபிட்டரை அங்கேதான் பார்த்தேன். ஃபிட்டர் என்றால் என் வீட்டுக்காரர். தறி மக்கர் பண்ணினால் ஸ்பேனரோடு வந்து நிற்கிற ஆள். ஆறடி உயரம், கதவை அடைக்கிற தோள். இரண்டு காதிலும் பஞ்சு வைத்திருப்பார், எங்களையும் வைத்துக்கொள்ளச் சொல்வார். மில்லில் பஞ்சுக்கா பஞ்சம்? ஆனால் ஒருத்தியும் வைக்கவில்லை. அவரைப் பார்த்துக் கேலி செய்யவே எங்களுக்கு நேரம் சரியாக இருந்தது.

அவர் என்னிடம் முதலில் சொன்ன வார்த்தை, "நூல் அறுந்துருச்சு." நான் எங்கேயோ பராக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது வரிசையிலிருந்து உதட்டை அசைத்துச் சொன்னார். பார்த்தால் என் தறியில் நிஜமாகவே நூல் அறுந்து, துணியில் கோடு விழ ஆரம்பித்திருந்தது. மறுநாளும் அதையே சொன்னார். பதறிப்போய்த் தேடினேன், ஒரு நூலும் அறுந்திருக்கவில்லை. நிமிர்ந்தால் ஆள் சிரித்துக்கொண்டு நிற்கிறார். அதற்குப் பிறகு அவர் என்ன சொன்னாலும் நான் புரியாத மாதிரி முகத்தை வைத்துக்கொள்வேன். இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கையைக் காட்டுவேன். ஒவ்வொரு தடவைக்கும் ஒரு வரிசை கிட்டே வருவார். இப்படியேதான் எங்கள் காதல் வளர்ந்தது, ஒரு சத்தமும் இல்லாமல்.

அவருடைய குரலை நான் கேட்டது பல மாதம் கழித்து, மில் கேட்டுக்கு வெளியே. "வீட்டுக்குத்தான் போறீங்களா?" என்றார். அந்த ஆறடி உடம்புக்குள்ளிருந்து கீச்சென்று ஒரு குரல் வந்தது. நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அவர் முகம் சிவந்துபோய், சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனவர்தான், இரண்டு நாள் என் வரிசைப் பக்கமே வரவில்லை. அப்புறம் அந்தக் குரலைத்தான் கட்டிக்கொண்டேன். காலையில் ஷேவ் பண்ணும்போது சுதி சேராமல் ஏதாவது பாடும். பேப்பரில் வந்த விபத்துச் செய்தியை எல்லாம் எனக்குச் சத்தமாக வாசிக்கும். சாதம் அடிப்பிடித்தால், வந்த விருந்தாளி கிளம்பாமல் உட்கார்ந்திருந்தால், மகளுக்குக் காய்ச்சல் என்றால், "நூல் அறுந்துருச்சு" என்று சொல்லும். எங்கள் வீட்டில் எது தப்பாகப் போனாலும் அதற்கு அதுதான் பெயர்.

அந்தக் குரல் எந்த வருஷம் என்னைவிட்டுப் போனது என்று எனக்குத் தெரியாது. கொஞ்சம் கொஞ்சமாகப் போயிருக்க வேண்டும். நான் உதட்டைப் படித்துக்கொண்டே வந்ததில் போனதே தெரியவில்லை.

மாட்டிக்கொண்டது மகளிடம். லீவுக்கு வந்தவள் சமையலறையில் என் முதுகுக்குப் பின்னால் நின்று கூப்பிட்டிருக்கிறாள், நான் பாட்டுக்குப் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கே காது மெஷின் கடைக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே டெஸ்ட் எடுத்த பெண் எனக்கு எதிரில் உட்கார்ந்து ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள், நான் திருப்பிச் சொன்னேன். ஒன்றுகூடத் தப்பவில்லை. மகளைப் பார்த்து ஒரு வெற்றிப் பார்வை பார்த்தேன். அந்தப் பெண் கெட்டிக்காரி. மேஜையிலிருந்து ஒரு அட்டையை எடுத்துத் தன் வாயை மறைத்துக்கொண்டாள். அவ்வளவுதான், என் குட்டு வெளிப்பட்டுவிட்டது. அவள் கண் மட்டும் அட்டைக்கு மேலே என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

"வயசானா வர்றதுதாம்மா. மில் சத்தமும் சேர்ந்துக்கிச்சு" என்றாள் அட்டையை இறக்கிவிட்டு. "மெல்லிசான சத்தம்தான் முதல்ல போகும். மெஷின் போட்டா நிறைய திரும்பக் கிடைக்கும். ஆனா எல்லாமே பழையபடி கேக்கும்னு பொய் சொல்ல மாட்டேன்."

அன்றைக்குச் சாயங்காலம் விஷயம் ஃபிட்டருக்குத் தெரிந்தது. அவர் ஆச்சரியப்படவே இல்லை. தலையை ஆட்டிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. ஆறுதலாக இருக்கட்டும் என்று, "மத்தவங்க பேசுறதுதாங்க கொஞ்சம் மந்தம். உங்க குரல் மட்டும் எனக்கு நல்லாவே கேக்குது" என்றேன். பச்சைப் பொய். அவர் சிரித்தார். சந்தோஷத்தில் சிரிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

மெஷின் தேர்ந்தெடுக்க மறுபடி போனோம். மகளுக்குக் காதுக்குள்ளேயே மறைந்துகொள்கிற சின்ன மெஷின்மேல் கண். "வெளிய தெரியாதும்மா" என்றாள். மாட்டிப் பார்க்கும்போதே என் மரத்துப்போன விரலிலிருந்து நழுவி விழுந்தது. மூன்று பேரும் தரையில் தவழ்ந்து தேடினோம்.

"இது எனக்கு வேணாம். காதுக்குப் பின்னாடி மாட்டுறதைக் காட்டும்மா" என்றேன்.

"அது தெரியுமேம்மா!"

"மூக்குக்கண்ணாடி தெரியலையா? தெரியட்டும். தெரிஞ்சாத்தான் மூஞ்சிக்கு நேரா வந்து பேசுவாங்க."

சிவப்பு நிறத்தில் ஒரு ஜோடி எடுத்தேன், விழுந்தால் கண்ணுக்குப் படும் என்று. பேட்டரி மாற்றும் வேலை கிடையாது, ராத்திரி ஒரு டப்பாவில் வைத்தால் சார்ஜ் ஏறும். ஒரு வாரம் போட்டுப் பார்த்துவிட்டு, ஒத்துவராவிட்டால் திருப்பித் தரலாம். எனக்கு அதில் ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. அதை நான் மகளிடமும் சொல்லவில்லை, கடைக்காரப் பெண்ணிடமும் சொல்லவில்லை. ஃபிட்டர் குரலைத் திரும்பக் கேட்க வேண்டும்.

மகள் என்னை வாசலில் இறக்கிவிட்டு ஊருக்குக் கிளம்பினாள். படி ஏறும்போதே என் செருப்பு டப் டப்பென்று அடித்தது. காலிங் பெல்லை அமுக்கினேன். சும்மா சொல்லக் கூடாது, நன்றாகத்தான் அடித்தது. உள்ளே தாழ்ப்பாள் நகரும் சத்தம், கதவு முனகும் சத்தம். ஃபிட்டர் நின்றார். உதடு அசைந்தது. "வந்துட்டியா? எப்படியிருக்கு?"

ஒன்றும் கேட்கவில்லை.

உள்ளே போனேன். ஃபிரிட்ஜ் உறுமியது, குழாய் சொட்டியது, பிளாஸ்டிக் பை அலறியது. ஃபிட்டர் நாற்காலியை இழுத்த சத்தம் பல்லைக் கூச வைத்தது. அவர் இருமியதுகூடக் கேட்டது. பேசினால் மட்டும் வெறும் உதடு. மறுநாள் கடைக்குத் தனியாகப் போய், சத்தத்தைக் கூட்டச் சொன்னேன். கூட்டிக்கொண்டு வந்தால் ஸ்பூன் விழுகிற சத்தத்துக்கு உயிர் போய் உயிர் வந்தது. அவர் குரல் வரவில்லை. மெல்லிசான சத்தம்தான் முதலில் போகும், எல்லாமே திரும்பக் கிடைக்காது என்று அந்தப் பெண் சொன்னதுதான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. திரும்பக் கிடைக்காததில் இதுவும் ஒன்று போலிருக்கிறது. உலகத்தில் இருக்கிற குப்பைச் சத்தமெல்லாம் கிடைத்துவிட்டது, எனக்கு வேண்டிய ஒன்று மட்டும் இல்லை.

அவரிடம் எப்படிக் கேட்பேன்? உங்க குரல் மட்டும் நல்லாக் கேக்குது என்று நானே சொல்லித் தொலைத்திருக்கிறேனே.

இதற்கு நடுவில் எதிர் வீட்டு டீச்சர் வேறு. மாடிப்படியில் நிறுத்தி, "அக்கா, தப்பா நினைக்காதீங்க. நீங்களும் அண்ணனும் பேசிக்கிறதே இல்லையா? ரொம்ப வருஷமா உங்க குரல் மட்டும்தான் கேக்குது" என்றாள். அடுத்த வீட்டுச் சங்கதியில் சிலருக்கு என்னதான் அக்கறையோ! "அவர் அமைதியான ஆள்" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

வியாழக்கிழமை மெஷினைத் துடைத்து டப்பாவுக்குள் வைத்தேன். "நாளைக்குத் திருப்பிக் கொடுத்துடப் போறேன். ஒத்துவரல" என்றேன். "உன் இஷ்டம்" என்றது ஃபிட்டரின் உதடு. அன்றைக்கு ராத்திரி எனக்கு அழுகையாக வந்தது. கிழவிக்கு இந்த வயதில் குரல் கேட்கிறதாம் குரல் என்று என்னையே திட்டிக்கொண்டு படுத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை, கடைசியாக ஒரு தடவை இருக்கட்டும் என்று அதை மாட்டிக்கொண்டு துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். உள்ளே யாரோ பேசுவது கேட்டது. வயதான ஆள், கரகரவென்று, நடுநடுவே கீச்சென்று உடைகிற குரல். காலங்காத்தாலே யார் வந்திருக்கிறார்கள்? ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். யாரும் இல்லை. படுக்கையறைக் கதவு பாதி திறந்திருந்தது. ஃபிட்டர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஜன்னலோரம் நின்றார், காதில் ஃபோன்.

"இல்லம்மா, மெஷின்ல கோளாறு இல்ல" என்றது அந்தக் குரல். "உங்க குரல் மட்டும் நல்லாக் கேக்குதுன்னு சொன்னா உங்கம்மா. நான் அவகிட்ட குரல் கொடுத்துப் பேசியே எத்தனையோ வருஷமாச்சு. சத்தமாச் சொன்னாலும் அவ உதட்டைத்தானே பாத்தா. அப்புறம் எதுக்குக் கத்தணும்னு மில்லுல பேசுற மாதிரியே பேச ஆரம்பிச்சேன். அதுவே பழகிருச்சு... இப்ப எப்படிச் சொல்ல? சொன்னா அவ சொன்னது பொய்னு ஆயிரும், மூஞ்சி வாடிரும்."

மகள் ஏதோ சொன்னாள். அவர் தயங்கினார்.

"அதுவும்தான். கேட்டுல வச்சு முதல் தடவை கேட்டப்பவே சிரிச்சா. அன்னிக்காவது சின்ன வயசுக் குரல். இப்ப இந்தக் கிழட்டுக் குரலைக் கேட்டா என்னத்துக்கு ஆகும்? திருப்பிக் குடுக்கறேன்னா. குடுத்துட்டுப் போறா, எனக்கு அவ பேசுறது கேக்குதுல்ல, அது போதும்."

ஒட்டுக் கேட்பது எத்தனை வருஷம் கழித்துக் கிடைத்த பாக்கியம்! கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கோபம்தான் வந்தது. இத்தனை நாள் என்னைத் தனியாகப் பேச விட்டிருக்கிறார், அதுவும் எனக்காக என்று நினைத்துக்கொண்டு. நான் என்ன யோக்கியம், நானும் அவருக்காகத்தான் பொய் சொன்னேன்.

அவர் திரும்பினார். என்னைப் பார்த்ததும் ஃபோனைக் கையால் பொத்திக்கொண்டு, சத்தமே இல்லாமல், "பொண்ணுதான். சாப்பிட்டியான்னு கேக்குறா" என்றார்.

நான் அவரையே பார்த்தேன். "நூல் அறுந்துருச்சு" என்றேன்.

திடுக்கிட்டு என்னைத் தாண்டி எட்டிப் பார்த்தார். அடுப்பு, குழாய், மின்விசிறி. "எங்க?" என்றது உதடு.

கிட்டே போய் அவருடைய தொண்டையில் விரலை வைத்தேன். அவர் கண் என் காதில் இருந்த சிவப்பு மெஷினுக்குப் போனது, பாதி திறந்த கதவுக்குப் போனது, திரும்ப என் முகத்துக்கு வந்தது. கையிலிருந்த ஃபோன் "அப்பா? அப்பா?" என்றது. அதுகூட எனக்குக் கேட்டது. அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். விரலுக்கடியில் அது நடுங்கியது.

"டீ போடட்டுமா?" என்றார்.

கரகரவென்று ஆரம்பித்து, முடிகிற இடத்தில் கீச்சென்று போனது. அந்த மில் கேட், அந்த சைக்கிள், அந்தச் சிவந்த முகம் எல்லாம் அதற்குள் அப்படியே இருந்தன. சிரிக்கக் கூடாது என்றுதான் நினைத்தேன். கண்ணில் தண்ணீரோடு சிரித்துவிட்டேன்.

"சிரிக்காத" என்றார். சத்தமாக.

நான் புரியாத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன். இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கையைக் காட்டினேன்.

"கேக்கல" என்றேன்.